ஜேர்மன் மொழி மாணாக்கரின் கல்விப் பயணங்கள்: ஒரு சமூக வரலாற்று நோக்கு

ஒரு மொழியைப் பயில்வோர் அம்மொழி வழங்கும் நாட்டுக்குச் சென்று சில காலம் தங்கி வருதல் நன்று என்பது இன்று எவரும் மறுக்காத கருத்து. பாடநூலிற் கற்ற சொல் கடைத்தெருவிலும் புகையிரத நிலையத்திலும் உயிர் பெறுவதை மாணாக்கர் நேரிற் காண்பர் என்பதே அதற்குக் கூறப்படும் நியாயமாகும். இந்நியாயம் தவறன்று, ஆனாற் போதியதுமன்று. பாடசாலைப் பயணம் என்பது கற்பித்தல் முறையொன்றின் பெயர் மட்டுமன்று. பணம், ஓய்வு, எல்லை கடப்பதற்கான அனுமதி, வரவேற்கும் நாட்டின் விருப்பம் ஆகிய நான்கும் ஒருங்கு கூடினாலன்றி அது நிகழாது. எனவே அதற்கொரு வரலாறு உண்டு. அவ்வரலாற்றில் வர்க்கத்தின் சுவடும் அரசின் சுவடும் ஆழப் பதிந்துள்ளன.

இதனை ஆராய்தற்கு ஜேர்மன் மொழி பெரிதும் பொருத்தமானது. ஒரு நூற்றாண்டு காலத்துள் ஜேர்மனி பேரரசாகவும், குடியரசாகவும், நாஸி அரசாகவும், இரு அரசுகளாகப் பிளவுண்ட நாடாகவும், மீண்டும் இணைந்த நாடாகவும் மாறியது. இக்கட்டங்களிலெல்லாம் அயல்நாட்டு இளைஞர் அங்கு சென்றனர். அவர்களுக்குக் காட்டப்பட்டது யாது? அவர்கள் கண்டது யாது? இவ்விரு வினாக்களுக்கும் விடை ஒன்றல்ல. அவ்வேறுபாட்டைச் சில வரலாற்றுச் சான்றுகளின் துணைகொண்டு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. பேச்சுமொழியின் ஏற்றம்

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும்பகுதியில் ஐரோப்பியப் பாடசாலைகளில் நவீன மொழிகள் இலத்தீனையும் கிரேக்கத்தையும் கற்பித்த முறையிலேயே கற்பிக்கப்பட்டன. இலக்கண விதியை மனனஞ் செய்தல், சொற்பட்டியலை ஒப்புவித்தல், வாக்கியங்களை மொழிபெயர்த்தல் என்பவையே பாடமாயின. இறந்த மொழியைக் கற்கும் வழியில் வழங்கும் மொழியைக் கற்றவர்க்கு அம்மொழி வழங்கும் நாட்டுக்குச் செல்லும் தேவை எழவில்லை.

இம்முறையை வன்மையாகக் கண்டித்து, மொழிக்கல்வி திசைமாற வேண்டும் என்று அறைகூவல் விடுத்த சிறு நூலொன்று 1882 ஆம் ஆண்டு ஜேர்மனியில் வெளியாயிற்று. புனைபெயரில் வெளிவந்த அந்நூலை எழுதியவர் வில்ஹெல்ம் வீற்றோர் என்னும் மொழியியலறிஞர். மொழியின் முதல் வடிவம் பேச்சே என்பதும், ஒலியிலிருந்தும் தொடர்ந்த உரையிலிருந்தும் கற்பித்தல் தொடங்க வேண்டும் என்பதும் அவர் வாதத்தின் சாரம். சீர்திருத்த இயக்கம் எனப் பின்னர் பெயர் பெற்ற இப்போக்கு ஐரோப்பிய நாடுகள் பலவற்றிற் பரவியது. பேச்சே மொழி எனின், அது பேசப்படும் இடமே சிறந்த வகுப்பறை என்பது அடுத்த படியாயிற்று.

ஆயினும் இம்மாற்றத்தை ஓர் அறிஞரின் சிந்தனை விளைவாக மட்டும் கொள்ளுதல் பொருந்தாது. அக்காலத்தில் ஜேர்மனியின் இரசாயனத் தொழிலும் மின்சாரத் தொழிலும் உலகச் சந்தையில் முன்னணிக்கு வந்தன. அந்நாட்டு வணிகரோடு பேசவும் கடிதமெழுதவும் வல்ல எழுதுவினைஞரும் பொறியியலாளரும் பிறநாட்டு முதலாளிகளுக்குத் தேவைப்பட்டனர். புகையிரதப் பாதைகள் தூரத்தைக் குறுக்கின. இவ்வாறு கல்விக் கொள்கையும் பொருளாதாரத் தேவையும் ஒரே திசையில் நகர்ந்தமையாலேயே மாணவப் பயணம் சாத்தியமாயிற்று.

அதே காரணத்தால் அதன் எல்லையும் வரையறுக்கப்பட்டது. அயல்மொழி இடைநிலைப் பாடசாலையின் பாடம். இடைநிலைப் பாடசாலையோ வசதி படைத்தோரின் பிள்ளைகளுக்கு உரியது. சுரங்கத் தொழிலாளியின் மகனும் நெசவாலைத் தொழிலாளியின் மகளும் ஆரம்பப் பாடசாலையோடு கல்வியை நிறுத்தினர். அயல்நாட்டுப் பயணம் அவர்களின் கற்பனைக்கும் எட்டாததாகவே இருந்தது.

2. வைக்கோற் படுக்கையும் மக்கள் பாடசாலையும்

இவ்வெல்லையைத் தகர்த்தற்கான முதல் முயற்சி ஜேர்மனியிலேயே தோன்றியது. அந்நாட்டு நகரங்களின் மத்தியதர வர்க்க இளைஞர், தொழில்மயமான வாழ்வின் இறுக்கத்தை வெறுத்துக் காடு மலைகளில் நடந்து திரியும் பழக்கத்தை வளர்த்தனர். பேர்லினை அடுத்த ஸ்ரெக்லிற்சில் 1901 ஆம் ஆண்டு முறையாக அமைக்கப்பட்ட வாண்டர்ஃபோகல் இயக்கம் இதன் நிறுவன வடிவம். அவ்வியக்கத்தின் உறுப்பினர் பெரும்பாலும் உயர்தர இடைநிலைப் பாடசாலை மாணாக்கரே. அவர்களின் கிளர்ச்சி வீட்டுக்கும் பாடசாலைக்கும் எதிரானதேயன்றிச் சமூக அமைப்புக்கு எதிரானதன்று.

இதினின்றும் வேறுபட்டது றிச்சாட் ஷிர்மானின் பணி. கம்பித் தொழிலுக்குப் பேர்பெற்ற அல்ற்றெனா என்னும் சிறு நகரில் அவர் மக்கள் பாடசாலை ஆசிரியர். அவருடைய மாணவர் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகள். 1909 ஆம் ஆண்டு ஓகஸ்ற் 26 ஆம் நாள், மாணவரோடு கால்நடையாகச் சென்றுகொண்டிருந்த அவரைக் கடும் இடிமழை மறித்தது. கிராமப் பாடசாலை ஒன்றின் வகுப்பறையில் வைக்கோலைப் பரப்பி அனைவரும் இரவைக் கழித்தனர். விடுமுறையில் வெறுமையாகக் கிடக்கும் பாடசாலைகளை நடந்து வரும் பிள்ளைகளுக்குத் தங்குமிடமாக்கினால் என்ன என்னும் எண்ணம் அவ்விரவில் அவருக்கு உதித்தது. 1912 ஆம் ஆண்டு அல்ற்றெனாக் கோட்டையில் நிரந்தர இளைஞர் விடுதி அமைந்தது. இருபது ஆண்டுகளில் நாடெங்கும் சுமார் 2000 விடுதிகள் தோன்றின. 1932 இல் ஆம்ஸ்ரடாமில் கூடிய பல நாட்டுச் சங்கங்கள் சர்வதேச அமைப்பொன்றை நிறுவி ஷிர்மானையே தலைவராக்கின.

மொழி பயில்வோரின் பயண வரலாற்றில் இவ்விடுதிகளின் இடம் பெரிது. விருந்தினர் மாளிகைக்குப் பணம் கொடுக்க இயலாத பாடசாலைகளும் இவற்றால் எல்லை கடக்க முடிந்தது. உணவு மேசையிலும் சமையலறையிலும் அயல்நாட்டு மாணாக்கர் உள்நாட்டு மாணாக்கரோடு பேசவேண்டியதாயிற்று. சீர்திருத்த இயக்கத்தார் நூலில் வேண்டிய வகுப்பறையை ஓர் ஆரம்பப் பாடசாலை ஆசிரியர் நடைமுறையிற் கட்டியெழுப்பினார் எனலாம்.

3. நாஸி அரசும் விருந்தோம்பலும்

1933 ஆம் ஆண்டு ஆட்சியைக் கைப்பற்றிய நாஸிகள் இந்த அமைப்பின் பயனை உடனே உணர்ந்தனர். விடுதிகள் ஹிட்லர் இளைஞர் இயக்கத்தின் பிடிக்குட் சென்றன. யூத இளைஞர்க்கு அவற்றின் கதவுகள் அடைக்கப்பட்டன. ஷிர்மான் படிப்படியாக ஒதுக்கப்பட்டு, 1936 இல் சர்வதேச அமைப்பின் தலைமையிலிருந்தும் விலக நேர்ந்தது.

ஆனால் அயல்நாட்டு மாணாக்கருக்குக் கதவுகள் அடைக்கப்படவில்லை, அகலத் திறக்கப்பட்டன. சுற்றுலாத்துறை பிரசார அமைச்சின் மேற்பார்வைக்குள் வந்தது. வெளிநாட்டார்க்கு மார்க் நாணயம் உத்தியோகபூர்வ விகிதத்தினும் மலிவாகக் கிடைத்தது. புகையிரதக் கட்டணத்திலும் சலுகை கிட்டியது. இங்கிலாந்தின் சாதாரண இடைநிலைப் பாடசாலைகளுக்கும் ஜேர்மனிப் பயணம் எட்டக்கூடியதாயிற்று. மேல்தட்டினருக்கு வேறு வழி இருந்தது. நாஸி அரசு தன் வருங்காலத் தலைவர்களைப் பயிற்றுவிக்கவென நிறுவிய தேசிய அரசியற் கல்விக்கூடங்கள், பிரித்தானியாவின் புகழ்பெற்ற உயர்குடிப் பாடசாலைகளோடு மாணவப் பரிமாற்றம் நடத்தின.

இங்கொரு முரண்பாட்டைக் கவனித்தல் தகும். பயணத்தின் வாயிலைக் குறைந்த வருவாயுடையோர்க்கும் திறந்தது சனநாயகமன்று, சர்வாதிகாரம். மலிவான பயணச்சீட்டுக்கு விலையாக அது வேண்டியது பயணியின் நற்சான்றிதழை. தூய்மையான தெருக்கள், ஒழுங்கான அணிவகுப்பு, பாடிச்செல்லும் சிறுவர் என்பன காட்டப்பட்டன. 1936 ஓகஸ்றில் ஒலிம்பிக் போட்டி நடைபெற்றபோது யூத எதிர்ப்பு அறிவிப்புப் பலகைகள் தற்காலிகமாக அகற்றப்பட்டமை, காட்சி எவ்வாறு தயாரிக்கப்பட்டது என்பதற்குச் சான்று.

இக்காலத்தின் தன்மையை ஒருங்கே வெளிப்படுத்தும் துயர நிகழ்ச்சி அவ்வாண்டு ஏப்ரல் மாதத்திலேயே நடந்தது. தென் இலண்டனைச் சேர்ந்த ஆண்கள் பாடசாலையொன்றின் மாணவர் 27 பேர், இளம் ஆசிரியர் ஒருவரின் தலைமையில் கருங்காட்டுப் பகுதியிலுள்ள பிறைபூர்க் நகருக்கு வந்தனர். அந்நகரம் வெர்சாய் ஒப்பந்தத்தின்படி படைநீக்கம் செய்யப்பட்ட வலயத்துள் அடங்கியது. அவ்வலயத்துள் ஹிட்லரின் படைகள் நுழைந்து ஆறு வாரங்களே கடந்திருந்தன.

ஏப்ரல் 17 ஆம் நாட் காலை, 1284 மீற்றர் உயரமான ஷவுயின்ஸ்லாண்ட் மலை வழியாகத் தொட்னவ்பேர்க் என்னும் ஊரை அடையும் நோக்குடன் அவர்கள் நடக்கத் தொடங்கினர். பலர் இலேசான உடையே அணிந்திருந்தனர். மலையிற் கடும் பனிப்புயல் வீசியது. வழியில் உள்ளூரார் எச்சரித்தும் பயணம் நிறுத்தப்படவில்லை. மாலையில் சிறுவர் ஒவ்வொருவராகச் சோர்ந்து விழுந்தனர். அவ்வேளை மலைச்சரிவிலுள்ள ஹொப்ஸ்கிறுண்ட் கிராமத்தின் தேவாலய மணி ஒலித்தது. அவ்வொலியால் திசையறிந்த சிலர் பண்ணைவீடொன்றை அடைந்து செய்தி கூறினர். கிராம மக்கள் இருளில் விளக்குகளோடு பனியில் இறங்கித் தேடிச் சிறுவரைத் தூக்கிவந்தனர். ஆயினும் ஐவர் உயிரிழந்தனர்.

அதன்பின் நிகழ்ந்தது நம் ஆய்வுக்கு முக்கியமானது. அரசு அத்துயரைத் தனதாக்கிக்கொண்டது. சவப்பெட்டிகளுக்கு ஹிட்லர் இளைஞர் காவல் நின்றனர். அலட்சியத்தின் விளைவான மரணம், இரு நாட்டு இளைஞரின் தோழமைக்காகச் செய்யப்பட்ட தியாகமாகப் பத்திரிகைகளிற் சித்திரிக்கப்பட்டது. 1938 ஆம் ஆண்டளவில் மலைச்சரிவிற் பெரிய நினைவுச் சின்னமொன்றும் எழுந்தது. ஏன் அவர்கள் அந்த நாளில் அம்மலையில் ஏறினர் என்னும் வினாவை அரசின் ஆடம்பரமான அஞ்சலி மூடி மறைத்தது. இங்கிலாந்திற் பிள்ளையை இழந்த பெற்றோர்க்கு அவ்வினாவே வாழ்நாள் முழுவதும் எஞ்சியது.

ஆகவே அம்மலையில் இரு ஜேர்மனிகள் இருந்தன. ஒன்று மலர்வளையம் வைத்த ஜேர்மனி. மற்றொன்று விளக்கேந்தி வந்த ஜேர்மனி. மலர்வளையத்தைப் புரிந்துகொள்ள மொழி வேண்டியதில்லை; அது கண்ணுக்காகச் செய்யப்பட்டது. கிராமத்தாரோடு பேசவோ மொழி வேண்டும். உள்ளூரார் தந்த எச்சரிக்கையை உரியவாறு கேட்பதற்கும் அதுவே வேண்டும். மொழி மாணாக்கரின் பயணம் எதற்காக என்னும் வினாவுக்கு இந்த வேறுபாட்டிலேயே விடை அடங்கியுள்ளது.

நினைவுச் சின்னம் எழுந்த அதே 1938 ஆம் ஆண்டு நவம்பரில் பிறைபூர்க்கின் யூத தொழுகைக்கூடம் எரிக்கப்பட்டது. டிசம்பர் 2 ஆம் நாள், பேர்லினிலிருந்து வந்த அகதிக் குழந்தைகளின் முதற் குழு இங்கிலாந்தின் ஹாரிச் துறைமுகத்தில் இறங்கியது. போர் தொடங்குமுன் ஏறத்தாழ 10,000 பிள்ளைகள், அவர்களுட் பெரும்பாலோர் யூதர், இவ்வாறு பிரித்தானியாவை அடைந்தனர். ஜேர்மன் மொழியை நாடிச் சென்ற பிள்ளைகளின் பாதையிலேயே அம்மொழியைத் தாய்மொழியாகக் கொண்ட பிள்ளைகள் எதிர்த்திசையில் ஓடிவந்தனர். முன்னையோரிடம் திரும்புவதற்கான பயணச்சீட்டு இருந்தது. பின்னையோருட் பலர் தம் பெற்றோரை மீண்டும் காணவேயில்லை. 1940 ஒக்டோபர் 22 ஆம் நாள் பாடன் பிரதேசத்தின் யூதர், பிறைபூர்க் வாசிகள் உட்பட, தெற்குப் பிரான்சின் கூர்ஸ் முகாமுக்கு நாடுகடத்தப்பட்டனர்.

4. பகைமைக்குப் பின் பயணம்

இரண்டாம் உலகப் போரின் பின்னர் பயணத்தின் பொருள் மாறியது. 1947 ஆம் ஆண்டு இங்கிலாந்தின் றெடிங் நகர மேயராயிருந்த பீபி கஸ்டன் என்னும் தொழிற்கட்சிப் பெண்மணி, குண்டுவீச்சால் அழிந்த டுசெல்டோர்ஃப் நகரிலிருந்து ஆறு குழந்தைகளை வரவழைத்து நகரத்துக் குடும்பங்களிற் சில மாதங்கள் தங்கவைத்தார். போர் முடிந்து இரண்டே ஆண்டுகள். பிரித்தானிய மக்களுக்கே உணவு பங்கீட்டு அட்டைக்குக் கிடைத்த காலம். அந்நகரங்களிடையே பின்னர் வளர்ந்த பரிமாற்றங்களுக்கு இச்செயலே வித்தாயிற்று. இங்கு விருந்தோம்பியது அரசன்று. தம் பங்கு ரொட்டியைப் பகிர்ந்த குடும்பங்கள்.

அரச மட்டத்தில் மிக விரிவான ஏற்பாடு பிரான்சுக்கும் மேற்கு ஜேர்மனிக்கும் இடையே உருவாயிற்று. 1963 ஜனவரி 22 ஆம் நாள் டீகோலும் அடனோவரும் கைச்சாத்திட்ட எலிசே ஒப்பந்தம் பாதுகாப்பு, வெளிநாட்டுக் கொள்கை ஆகியவற்றோடு இளைஞர் கல்வியையும் மொழிக்கல்வியையும் ஒரே வரிசையில் வைத்தது. அதே ஆண்டு ஜூலையில் இரு நாட்டுப் பொது நிதியால் இயங்கும் இளைஞர் பணியகம் நிறுவப்பட்டது. அன்றுதொட்டு 90 இலட்சத்துக்கும் மேற்பட்ட இளைஞர் அதன் திட்டங்களிற் பங்குகொண்டுள்ளனர். பனிப்போர்க் கால மேற்கைரோப்பிய அரசியலின் தேவைகள் இவ்வொப்பந்தத்தின் பின்னணியில் இருந்தன என்பதை மறக்கலாகாது. எனினும் இதன் அமைப்பில் இரு சிறப்புகள் உண்டு. ஒன்று, செலவின் ஒரு பகுதியைப் பொது நிதி ஏற்றது. மற்றொன்று, பரிமாற்றம் இருவழிப்பட்டது. இன்று விருந்தினனாக வந்தவன் நாளை தன் வீட்டில் விருந்தோம்புபவன் ஆகிறான். ஒருவர் வீட்டுச் சமையலறையில் இரு வாரம் வாழ்ந்த பிள்ளையிடம் காட்சிப் பொருளை மட்டும் காட்டி அனுப்புதல் அரிது.

5. வைமாரும் எட்டுக் கிலோமீற்றரும்

ஜேர்மன் மொழி மாணாக்கரின் பயணங்களில் வைமார் நகருக்குத் தனியிடம் உண்டு. கதேயின் இல்லமும் ஷில்லரின் இல்லமும் அங்கே உள்ளன; ஜேர்மன் இலக்கியத்தின் செவ்வியற் காலம் அந்நகரின் பெயரோடு பிணைந்தது. அந்நகருக்கு எட்டுக் கிலோமீற்றர் தொலைவிலுள்ள எற்றர்ஸ்பேர்க் குன்றில் 1937 ஆம் ஆண்டு புக்கன்வால்ட் வதைமுகாம் அமைக்கப்பட்டது. 1945 ஏப்ரல் வரை அங்கும் அதன் கிளை முகாம்களிலும் அடைக்கப்பட்டோர் இரண்டரை இலட்சத்துக்கும் மேலானோர். மாண்டோர் சுமார் 56,000 பேர். காட்டை வெட்டியபோது விடப்பட்ட ஓக் மரமொன்றைக் கைதிகள் கதேயின் பெயரால் அழைத்தனர். அதன் அடிக்கட்டை இன்றும் உண்டு.

அம்முகாமின் இரும்பு வாயிலில் மூன்றே சொற்கள் பொறிக்கப்பட்டுள்ளன. அவரவர்க்கு உரியது அவரவர்க்கு என்பது அவற்றின் பொருள். உரோமச் சட்ட மரபில் நீதியின் இலக்கணமாகக் கூறப்பட்ட பழந்தொடர் அது. உள்ளே நிற்போர் வாசிக்கும் வகையில் அது உட்புறம் நோக்கி அமைக்கப்பட்டுள்ளது. எழுத்துக்களை வரைந்தவர் பவுஹவுஸ் கலைக்கூடத்திற் பயின்ற ஃபிரான்ஸ் ஏர்லிக் என்னும் கம்யூனிஸ்ற் கைதி. முதலாண்டு மாணவனும் அகராதியின்றி மொழிபெயர்க்கத்தக்க எளிய தொடர் அது. ஆனால் அதனை உள்ளிருந்து வாசித்தோரின் வரலாற்றை அறியாதவன் அதை மொழிபெயர்த்தவனாகான். சொல்லறிவு எவ்விடத்தில் மொழியறிவாகிறது என்பதை இதனினும் தெளிவாகப் புலப்படுத்தும் பாடம் எந்த நூலிலும் இல்லை.

முற்போக்காளர் தம்மையும் இங்கே வினவிக்கொள்ளல் வேண்டும். ஜேர்மன் சனநாயகக் குடியரசு 1958 இல் அங்கே தேசிய நினைவகத்தைத் திறந்தது. பாடசாலை மாணாக்கர் திரளாக அழைத்துச் செல்லப்பட்டனர். கம்யூனிஸ்ற் கைதிகளின் எதிர்ப்புப் போராட்டம் உரிய மதிப்புடன் எடுத்துரைக்கப்பட்டது. அது உண்மையே. ஆனால் யூதர், சிந்தி ரோமா மக்கள் முதலியோரின் துயரம் பின்தள்ளப்பட்டது. 1945 முதல் 1950 வரை அதே இடத்தில் சோவியத் அதிகாரிகள் நடத்திய தடுப்பு முகாமில் 7000 பேருக்கு மேல் மாண்டமை பேசப்படவேயில்லை. 1990 இன் பின்னரே அவ்வரலாறு நினைவகத்தில் இடம்பெற்றது. நல்ல நோக்குடைய அரசாயினும் காட்சியை அமைக்கும்போது மறைப்பதும் உண்டு. நம் பக்கத்தாரின் மௌனத்தைக் கண்டும் காணாதிருத்தல் ஆய்வாளர்க்கு அழகன்று.

6. முடிவுரை

அண்மைக்கால நிலையையும் சுருக்கமாக நோக்குதல் தகும். இங்கிலாந்தில் 2004 ஆம் ஆண்டு முதல் பதினான்கு வயதுக்கு மேற்பட்ட மாணாக்கருக்கு அயல்மொழி கட்டாயப் பாடமாக இல்லை. அதன்பின் ஜேர்மன் மொழி பயில்வோர் தொகை பெரிதும் வீழ்ந்தது. ஐரோப்பிய ஒன்றியத்திலிருந்து பிரித்தானியா விலகியதால் எல்லை கடக்கும் விதிகளும் இறுகின. 2021 ஒக்டோபர் முதல் ஒன்றிய நாட்டுப் பாடசாலைக் குழுக்கள் அடையாள அட்டையுடன் மட்டும் பிரித்தானியாவுக்கு வர இயலாது போயிற்று. 2025 ஜூலை 17 ஆம் நாள் பிரித்தானியாவும் ஜேர்மனியும் கைச்சாத்திட்ட நட்புறவு உடன்படிக்கையையொட்டிப் பாடசாலைக் குழுக்களின் போக்குவரவை எளிதாக்கும் ஏற்பாட்டையும் அறிவிக்க நேர்ந்தமை, இழந்தது எத்துணைப் பெறுமதியுடையது என்பதை இரு அரசுகளும் காலந்தாழ்த்தி உணர்ந்தமைக்குச் சான்றாகும். மொழி விருப்பப் பாடமாகியதும், பயணச் செலவு பெற்றோரின் தலையில் ஏறியதும், மொழியும் பயணமும் மீண்டும் வசதி படைத்தோரின் உடைமையாகும் ஆபத்து எழுகிறது. ஷிர்மானின் வைக்கோற் படுக்கை எதற்கு எதிராக விரிக்கப்பட்டதோ, அது வேறு வடிவில் திரும்பி வருகிறது.

மேற்கூறியவற்றால் பெறப்படும் முடிபு இது. மொழிப் பயணம் தன்னளவில் முற்போக்கானதுமன்று, பிற்போக்கானதுமன்று. அதன் செலவை யார் ஏற்கின்றனர், காட்சியை யார் அமைக்கின்றனர், மாணாக்கர் யாரோடு பேசுகின்றனர் என்னும் மூன்றுமே அதன் தன்மையைத் தீர்மானிக்கின்றன. விருந்தளிக்கும் அரசு எதுவாயினும் தன் நற்பக்கத்தையே காட்டும். அக்காட்சியைக் கடந்து மக்களை அடைதற்கு மாணாக்கரிடமுள்ள கருவி அவர்கள் கற்ற மொழி ஒன்றே. அதனைப் பயன்படுத்தும் வாய்ப்பை அளிக்காத பயணம், எத்துணை நாடுகளைக் கடந்தாலும், வகுப்பறையைவிட்டு வெளியேறியதாகாது.

ஹொப்ஸ்கிறுண்டின் மேற்சரிவில் நாஸிகள் எழுப்பிய சின்னம் இன்றும் நிற்கிறது. அதனைக் காணச் செல்லும் ஆசிரியர் தம் மாணாக்கரை அங்கேயே நிறுத்திவிடாது கீழேயுள்ள கிராமத்துக்கும் அழைத்துச் செல்வாராக. அவ்விரவில் மணியொலித்த ஊர் அது.